எக்டிராப் பாட்: வரச் சொன்னால் ஓடுகிறது, போகச் சொன்னால் திரும்பி வருகிறது

கேள்வியின் சாரம் இது. ஐஆர்சி என்ற இணைய உரை அரட்டை முறையில் எக்டிராப் பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்றை ஓட்டும் நண்பர், சேனலில், அதாவது அரட்டை அறையில், "!வா #பெயர்" என்று தட்டினால் பாட் அந்தச் சேனலில் சேர வேண்டும், "!போ" என்றால் விலக வேண்டும் என்று டிக்கிள் என்ற நிரல் மொழியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். இரண்டு கட்டளைகளுக்கும் புட்சர்வ் என்ற எக்டிராப் கட்டளை வழியாக ஜாயின் (சேர்), பார்ட் (விலகு) என்ற ஐஆர்சிச் சொற்களை நேரே சர்வருக்கு அனுப்புகிறார். வரச் சொன்னால் பாட் உள்ளே தலைகாட்டிய மறுகணமே வெளியேறிவிடுகிறது. போகச் சொன்னால் போய்விட்டு, சற்று நேரத்தில் தானே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சர்வரில் கோளாறா, பாட்டுக்கு உரிமை போதவில்லையா என்பது அவருடைய ஐயம்.

இரண்டும் இல்லை. சர்வர் கேட்டதைக் கேட்டபடியே செய்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் செய்ததை அழித்துக்கொண்டிருப்பது எக்டிராப்தான். அது இயங்க வேண்டிய முறையும் அதுவே. பாட்டின் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள்: இன்ன சேனலில் சேர்ந்துவிட்டேன், ஆனால் சேர விரும்பவில்லை என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். நகைச்சுவைபோல் தோன்றினாலும் உங்கள் கேள்விக்கான முழு விடையும் அந்த வரியில் அடங்கியிருக்கிறது.

எக்டிராப் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். ராபி பாயின்டர் என்பவர் 1993 டிசம்பரில், ஈஎஃப்நெட் என்ற ஐஆர்சி வலையிலிருந்த ஒரே ஒரு சேனலைக் காவல் காப்பதற்காக எழுதிய நிரல் அது. காவலாளிக்கு முதல் இலக்கணம் இடத்தை விட்டு அகலாமை. யாராவது உதைத்து வெளியேற்றினாலும், வலை அறுந்து மீண்டும் ஒட்டினாலும், சர்வரே மாறினாலும் பாட் தன் சேனலுக்குத் திரும்பிவிட வேண்டும். தனக்குத் தொடர்பில்லாத சேனலில் எவரோ தள்ளிவிட்டால் அங்கே நிற்கக் கூடாது. இதற்காக எக்டிராப் தன் நினைவில் ஒரு சேனல் பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலில் இருந்தும் தான் உள்ளே இல்லாத சேனல்களில் சேர அது திரும்பத் திரும்ப முயலும். பட்டியலில் இல்லாத சேனலில் தன்னைக் கண்டால் உடனே விலகும். நீங்கள் புட்சர்வ் மூலம் ஜாயின் அனுப்பியபோது பட்டியல் மாறவில்லை, ஆகவே பாட் விலகியது. பார்ட் அனுப்பியபோதும் பட்டியல் மாறவில்லை, ஆகவே பாட் திரும்பியது.

பாட் எங்கே இருக்க வேண்டும் என்ற விருப்பமும், இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்ற நிலவரமும் இரு வேறு செய்திகள். மனிதர் இடும் கட்டளை விருப்பத்தை மட்டுமே மாற்ற வேண்டும். நிலவரம் சர்வரின் பதிலால் மட்டுமே மாற வேண்டும். எக்டிராப் இவ்விரண்டையும் வினவத் தனித்தனிக் கட்டளைகளைத் தந்திருக்கிறது: ஒரு சேனல் பட்டியலில் உள்ளதா என்பதை வேலிட்சான் சொல்லும், பாட் அதற்குள் இப்போது உள்ளதா என்பதை பாட்ஆன்சான் சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஸ்கிரிப்ட் பெரும்பாலும் சரியாகவே இயங்குகிறது என்பது என் அனுபவம்.

ஆகவே திருத்தம் சிறியது. "!வா" என்பதற்கான செயல்முறையில் ஜாயின் அனுப்பும் வரியை எடுத்துவிட்டு, சேனல் ஆட் என்ற டிக்கிள் கட்டளையை வையுங்கள், பெயர் பட்டியலில் ஏறியதும் சேரும் வேலையை எக்டிராப் தானே பார்த்துக்கொள்ளும். "!போ" என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. சேனல் ரிமூவ் கொடுத்தால் அந்தச் சேனலின் அமைப்புகள், அதற்கென்று சேர்த்துவைத்த தடைகள் எல்லாமே பட்டியலோடு சேர்ந்து அழிந்துவிடும். சேனல் செட் கட்டளையால் இனாக்டிவ் என்ற குறியை ஏற்றினால் பாட் வெளியேறும், ஆனால் பதிவுகள் அப்படியே இருக்கும். பின்னர் அந்தக் குறியை இறக்கினால் பழைய அமைப்புகளோடு மீண்டும் சேரும். சேனலில் கட்டளையிட்டு விலக்கும்போது பெரும்பாலும் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். பல மாதங்களாகச் சேர்ந்த தடைப்பட்டியல் ஒரு அவசரமான "!போ"வில் காணாமல் போவதை நான் என் பாட்டிலேயே பார்த்து நொந்திருக்கிறேன். எனவே "!வா" செயல்முறை முதலில் வேலிட்சான் கொண்டு சோதித்து, சேனல் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் இனாக்டிவ் குறியை மட்டும் இறக்க வேண்டும், இல்லையென்றால்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு சேவ்சேனல்ஸ் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால், அடுத்த தானியங்கிச் சேமிப்புக்கு முன் கணினி நின்றுபோனால், மாற்றங்கள் கோப்பில் ஏறாமலே போய்விடும்.

இப்போது யார் கட்டளையிடலாம் என்ற வினா. சேனலில் தட்டும் சொல்லைச் செயல்முறையோடு கட்டும் பைண்ட் பப் வரியில் உரிமையைக் குறிக்கும் கொடி எதுவும் தராமல் வெறும் கோடு போட்டிருந்தால், சேனலில் உள்ள எவரும் உங்கள் பாட்டை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பொருள். சேனல் ஆப்பரேட்டர்களுக்கு மட்டும் என்று அளவோடு திறந்துவைப்பதும் போதாது. ஒரு சேனலில் மட்டும் உரிமை பெற்றவர் பாட்டை அவருக்குச் சிறிதும் தொடர்பில்லாத இன்னொரு சேனலுக்கு அனுப்ப அது வழிவிடும். பாட் எங்கே இருக்கிறது என்பது பாட் முழுவதற்கும் உரிய செய்தி. எனவே உலகளாவிய மாஸ்டர் அல்லது உரிமையாளர் கொடி உள்ளவருக்கு மட்டும் இக்கட்டளையைக் கட்டுங்கள். ஸ்கிரிப்டுக்குள் நிக் எனப்படும் புனைபெயரை எடுத்து "இவர்தானா" என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் பல ஸ்கிரிப்ட்களில் காணப்படுகிறது. நிக் என்பது எவரும் மாட்டிக்கொள்ளக்கூடிய முகமூடி. எக்டிராப் உங்கள் செயல்முறைக்கு நிக், ஹோஸ்ட் (இணைந்திருக்கும் முகவரி), ஹேண்டில், சேனல், உரை என்று ஐந்து மதிப்புகளை அந்த வரிசையில் தருகிறது. அவற்றுள் ஹேண்டில் மட்டுமே பாட்டின் பயனர் கோப்பைப் பார்த்து அடையாளம் கண்ட பெயர். அதுவும் ஒருவரை முகவரியால் அடையாளம் காணும் வடிவமான ஹோஸ்ட்மாஸ்க் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நம்பத் தகுந்தது. உரிமையாளரின் ஹோஸ்ட்மாஸ்கில் எல்லா இடத்திலும் நட்சத்திரக் குறியைப் போட்டுவைத்தவர் வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிட்டவர்.

உரை என்ற ஐந்தாவது மதிப்பில்தான் டிக்கிளின் பொறிகள் ஒளிந்திருக்கின்றன. அது எழுத்துகளின் தொடரான ஒரு சரம், பட்டியல் அல்ல. அதன்மேல் நேராக லின்டெக்ஸ் கொடுத்து முதற்சொல்லை எடுப்பது பல நாள் சிக்கலின்றி நடக்கும். ஒருநாள் எவராவது நெளிவு அடைப்புக்குறியில் பாதியை மட்டும் தட்டினால் பொருந்தாத அடைப்பு என்ற பிழையோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடும். முதலில் ஸ்பிளிட் செய்து பட்டியலாக்கிய பிறகே லின்டெக்ஸ் கொடுக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஐந்து நொடி கழித்துச் சேரட்டும் என்று யூடைமர் என்ற நேரங்காட்டிக் கட்டளையில் ஒரு கட்டளையை மேற்கோள் குறிக்குள் எழுதி, அதற்குள் சேனல் பெயரின் மாறியை வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்தச் சரம் நேரம் வந்ததும் இரண்டாம் முறை டிக்கிளால் வாசிக்கப்படும். சேனல் பெயர் சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லைக் கொண்டிருந்தால், டிக்கிள் அதைப் பெயராகக் கருதாமல் கட்டளையாகவே இயக்கும். எக்டிராப்பில் டை என்பது பாட்டை நிறுத்தும் கட்டளை. "#[டை]" என்பது போன்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் தட்டியவர் உங்கள் பாட்டை ஒரே வரியில் கொன்றுவிடுவார். வெளி நிரல்களை இயக்கும் எக்ஸெக் என்ற கட்டளையைத் தட்டினால் பாட் ஓடும் கணினியையே தொட்டுவிடலாம். சதுர அடைப்புக்குறி ஐஆர்சியில் முறையாக அனுமதிக்கப்பட்ட எழுத்து என்பதால் சர்வர் இதைத் தடுக்காது. காலம் தாழ்த்தி இயக்கும் எதையும் லிஸ்ட் கட்டளையால் கோத்துக் கொடுங்கள். அப்போது பெயர் பெயராகவே இருக்கும். கட்டளையிட உரிமையாளரைத் தவிர வேறெவரும் இல்லையே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் சேனல் பெயர் கட்டளை வழியாக மட்டும் வருவதில்லை. இன்வைட் எனப்படும் அழைப்பைக் கேட்டுச் சேரும் வசதியை நாளை நீங்கள் சேர்த்தால், பெயரை எழுதுபவர் முன்பின் தெரியாதவராக இருப்பார்.

பெயரைச் சோதிக்கும்போது பார்க்க வேண்டியவை வேறு சில. ஐஆர்சியின் பழைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1459 வெளிவந்தது 1993 மே மாதம். அதன்படி சேனல் பெயரில் இடைவெளி, காற்புள்ளி, ஏழாம் எண் கட்டுப்பாட்டு எழுத்து ஆகியவை வரக் கூடாது. காற்புள்ளி இங்கே முக்கியம், ஏனெனில் ஜாயின் கட்டளை காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட பல சேனல்களை ஒரே வரியில் ஏற்கும். ஒன்றுக்கு அனுமதி கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் பாட் ஏழு சேனலில் நிற்கும். 2000 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 2812 இன்னொரு விந்தையைத் தெளிவாக எழுதிவைத்தது: ஜாயின் என்பதற்குப் பின் வெறும் சுழியம் கொடுத்தால், இருக்கும் எல்லாச் சேனல்களையும் விட்டு விலகு என்று பொருள். நேராக ஜாயின் அனுப்பிய உங்கள் பழைய ஸ்கிரிப்டில் "!வா 0" என்று தட்டியிருந்தால் பாட் அத்தனை சேனல்களையும் விட்டு விலகியிருக்கும். சேனல் ஆட், # போன்ற முன்னொட்டுக் குறி இல்லாத பெயரைப் பிழை சொல்லி மறுத்துவிடும். அந்தப் பிழையை கேட்ச் கொண்டு பிடித்து, கேட்டவருக்குப் பதிலாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஒப்பீட்டில் ஒரு வரலாற்று எச்சம் கிடக்கிறது. ஐஆர்சியை 1988 ஆகஸ்டில் எழுதிய யார்க்கோ ஒய்க்காரினென் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அந்நாட்டு ஏழு பிட் எழுத்துத் தொகுதியில், நாம் அடைப்புக்குறிகளைக் காணும் இடங்களில் புள்ளியும் வளையமும் இட்ட ஸ்காண்டிநேவிய உயிரெழுத்துகள் இருந்தன. ஆகவே ஐஆர்சியில் இன்றும் நெளிவு அடைப்பு என்பது சதுர அடைப்பின் சிறிய எழுத்தாகவே கொள்ளப்படுகிறது. எக்டிராப் தனக்குள் இதைச் சரியாகக் கையாள்கிறது. நீங்கள் சொந்தமாக ஓர் அரே (பெயரால் தேடும் அட்டவணை) வைத்து, எந்தச் சேனலை யார் கேட்டார் என்று குறித்துக்கொள்ளும்போது சிறிய எழுத்தாக்கும் டிக்கிளின் ஸ்டிரிங் டுலோவர் இதை அறியாது. அந்த மூன்று நான்கு குறிகளையும் ஸ்டிரிங் மேப் கொண்டு நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த அரே எதற்கு என்றால், பதில் சொல்வதற்கு. "!வா" கேட்டவுடன் "சேர்ந்துவிட்டேன்" என்று பாட் சொல்வது பொய், அப்போது அது கேட்டுக்கொண்டிருக்கிறதே தவிரச் சேரவில்லை. சர்வர் உள்ளே விட்டால், பாட்டின் நிக்கோடு ஒரு ஜாயின் செய்தி திரும்பி வரும். பைண்ட் ஜாயின் மூலம் அதைப் பிடித்து, இஸ்பாட்நிக் கொண்டு அது நம்முடையதுதான் என்று உறுதிசெய்து, அரேயில் குறித்த நபருக்கு அப்போது பதில் அனுப்புவதே முறை. உள்ளே விடாவிட்டால் ஓர் எண் வரும்: 471 என்றால் ஆள் நிறைந்துவிட்டது, 473 என்றால் அழைப்பு இருந்தால்தான் நுழையலாம், 474 என்றால் பாட்டுக்குத் தடை, 475 என்றால் கடவுச்சொல் தவறு, 405 என்றால் பாட் தனக்குரிய சேனல் எண்ணிக்கையை எட்டிவிட்டது. சர்வரின் செய்திகளை அப்படியே பிடிக்கும் பைண்ட் ரா கொண்டு இவற்றைக் கேட்கலாம். செயல்முறையின் கடைசியில் சுழியத்தைத் திருப்பித் தர மறவாதீர்கள். ஒன்று என்று திருப்பித் தந்தால் அச்செய்தி எக்டிராப்பின் உட்பகுதிக்குப் போய்ச் சேராது, அழைப்பு கேட்பது, தடை நீக்கக் கேட்பது போன்ற அதன் சொந்த முயற்சிகள் தொடங்கா. எதுவுமே வராமல் அரை நிமிடம் கடந்தால் அரேயிலிருந்து குறிப்பை நீக்கிவிட்டு, விடை வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

மறுக்கப்பட்ட சேனல் பட்டியலில் இருக்கும்வரை எக்டிராப் அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். தடை விதித்த சேனலை விடாமல் தட்டும் பாட்டை வலையின் நிர்வாகிகள் விரும்புவதில்லை. 474 வந்தால் உடனே இனாக்டிவ் குறியை ஏற்றிவிட்டுக் கேட்டவருக்குச் செய்தி சொல்வதே நல்லது. கடவுச்சொல் உள்ள சேனலை மட்டும் பொதுவெளியில் "!வா" என்று கேட்காதீர்கள், கடவுச்சொல்லை எல்லோரும் படித்துவிடுவார்கள். அதற்கு பைண்ட் எம்எஸ்ஜி வழியாகத் தனிச்செய்தியில் ஒரு கட்டளை வைத்து, சொல்லைச் சேனல் மோட் அமைப்பில் எழுதிவிட்டால் போதும், சேரும்போது எக்டிராப் அதை எடுத்துக்கொள்ளும்.

விலகும்போது விடைபெறும் சொல் காணாமல் போவதாகப் பலர் குறைப்படுவார்கள். எக்டிராப்பில் வெளிச்செய்திகளுக்கு மூன்று வரிசைகள் உண்டு. புட்குவிக் விரைவானது, புட்சர்வ் நடுத்தரம், புட்ஹெல்ப் மெதுவானது. நீங்கள் "போய்வருகிறேன்" என்பதை மெதுவான வரிசையில் இட்டால், பார்ட் அதை முந்திக்கொண்டு போய்விடும். பிறகு வெளியே நின்று சேனலுக்குள் பேச முயலும் பாட்டைச் சர்வர் 404 சொல்லித் தடுக்கும். பதிலைச் சேனலுக்கு அனுப்பாமல் கேட்டவரின் நிக்குக்கு நோட்டீஸ் என்ற அறிவிப்பு வகைச் செய்தியாக அனுப்பினால் இந்தச் சிக்கலே எழாது. நோட்டீஸ் வகையைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நோட்டீஸுக்குத் தானியங்கி பதில் தரவே கூடாது என்பது நெறிமுறையின் விதி, எனவே இரண்டு பாட்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி முடிவில்லாமல் சுழலும் ஆபத்து இல்லை. பாட்டின் தாய்ச் சேனல் ஒன்றை மட்டும் "!போ" தொடாதபடி ஸ்கிரிப்டில் பெயரிட்டு விலக்கிவிடுங்கள், அங்கிருந்தும் போய்விட்டால் கட்டளையிட ஒரு பொதுவிடம் மிஞ்சாது.

ஒரே நேரத்தில் பல சேனல்களைச் சேர்க்கும் ஆசை இருந்தால் வேகத்தைக் கவனியுங்கள். பழைய நெறிமுறையின்படி சர்வர் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நொடியைக் கணக்கில் ஏற்றும். அந்தக் கணக்கு பத்து நொடிக்கு மேல் முன்னே ஓடினால் மீதிச் செய்திகளைக் காக்க வைக்கும். எக்டிராப்பின் வரிசைகள் இந்தக் கணக்கை அறிந்தே மெல்ல அனுப்புகின்றன என்பதால், அவற்றை மதித்தால் போதும். ஐஆர்சி வடிவில் அரட்டையைத் தரும் நேரலைத் தளமான டுவிச்சில் கணக்கு வேறு: சாதாரணக் கணக்குக்குப் பத்து நொடியில் இருபது சேனல் வரைதான் சேர முயலலாம். டெலிகிராமில் பழகியவர்களுக்கு ஒரு சொல்: அங்கே பாட் எந்தக் குழுவிலும் தானாகச் சேர முடியாது, ஒரு மனிதர்தான் சேர்க்க வேண்டும், விலக மட்டும் தானே முடியும். எனவே "!வா"வை அங்கே தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எக்டிராப்பை விட்டுவிட்டுப் பைத்தானில் சொந்தமாக எழுதலாமா என்று கேள்வியின் இறுதியில் ஒரு வரி இருந்தது. எழுதலாம், ஆனால் அப்போது அந்த விருப்பப் பட்டியலை நீங்களே கட்ட வேண்டும். ஒரு செட்டில் வேண்டிய சேனல்கள், இன்னொன்றில் இருக்கும் சேனல்கள். இணைப்பு அறும்போது இரண்டாவதை மட்டும் காலிசெய்து, 001 என்ற வரவேற்பு எண் வந்தபின் முதலாவதைப் பார்த்து மீண்டும் சேர வேண்டும். உதைத்து வெளியேற்றப்பட்டால் இரண்டாவதிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். முதலாவதிலிருந்தும் எடுப்பதா என்பது உங்கள் பண்பாட்டைப் பொறுத்தது. நான் எடுத்துவிடுவேன். பயனர் தரும் உரையில் வரிமுறிவு எழுத்துகள் நுழைந்து, ஒரு கட்டளை இரண்டாகிவிடாதபடி வடிகட்டுவதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

கடைசியாக, உங்கள் கட்டளைகளும் சேனல் பெயர்களும் தமிழில் இருப்பதால் எழும் சிக்கல். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "#தமிழ்" என்பது 16 பைட்டுகள். ஆர்எஃப்சி 2812 சொல்லும் எல்லை 50. "#கட்டற்றமென்பொருள்" என்ற பெயரோ 52 பைட்டுகளாகி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. உங்கள் வலையின் எல்லை எவ்வளவு என்பதை இணைந்தவுடன் சர்வர் அனுப்பும் 005 எண் வரியில் காணலாம். இதைவிட நுட்பமானது, ஒகர, ஓகார உயிர்மெய்களை யூனிகோடில் இருவிதமாக எழுத முடியும் என்பது: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு அவை இரு வேறு சேனல்கள். உங்கள் "!போ" என்ற கட்டளையிலேயே அந்த எழுத்து இருக்கிறது. ஒருவருடைய விசைப்பலகையிலிருந்து வரும் "!போ" வேலை செய்து, இன்னொருவருடையது செய்யாவிட்டால் உரிமையில் குறை தேடாதீர்கள், இரு வடிவங்களையும் ஒரே செயல்முறைக்குக் கட்டிவிடுங்கள், அல்லது "!விலகு" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.